எஸ்ஏடி மதிப்பெண்: எந்தக் கல்லூரிக்கு எதைக் காட்டுவது, எதை விடுவது?

கல்லுக்கட்டி_வாசி:

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஸ்டேட் போர்டு, ஆங்கில வழி, காரைக்குடியில் மெட்ரிக் பள்ளி. அமெரிக்காவில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பம் போடுகிறோம். இங்கே அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வையும் விடப்போவதில்லை. கையில் இருப்பவை இவை:

பத்தாம் வகுப்பு 500-க்கு 484, பதினொன்று 600-க்கு 569.
எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு, மொத்தம் 1600) மே: ஆங்கிலம் 610, கணக்கு 760, மொத்தம் 1370.
எஸ்ஏடி ஆகஸ்ட்: ஆங்கிலம் 680, கணக்கு 720, மொத்தம் 1400.
ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தகுதித் தேர்வு) மொத்தம் 7.0. அதில் ரைட்டிங் மட்டும் 6.0.

பட்டியலில் பர்டியூ, ஜார்ஜியா டெக், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகம், ஜார்ஜ்டவுன். இவை போக "டெஸ்ட் ஆப்ஷனல்", அதாவது மார்க் கொடுப்பது நம் விருப்பம் என்று போட்டிருக்கும் நாலு கல்லூரிகள்.

மே மாத மார்க்கை மறைத்துவிட்டு ஆகஸ்ட் மார்க்கை மட்டும் காட்டலாமா? அப்படிச் செய்தால் கணக்கில் 760 போய்விடுகிறதே. ஆப்ஷனல் கல்லூரிகளுக்கு அனுப்புவதா, வேண்டாமா? அக்டோபரில் இன்னொரு தடவை எழுதினால் பலன் உண்டா? சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் 1500-க்குக் கீழே எதையும் அனுப்பாதே என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூரான்:

அண்ணே, 1500 கணக்கை முதலில் ஓரமா வையுங்க. எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான கோடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் மார்க்கை வைத்து என்ன செய்யும் என்று பார்த்துப் பட்டியலைப் பிரித்தாலே உங்கள் கேள்வியில் பாதி கரைந்துவிடும்.

சான் டியகோ: கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எதுவும் சேர்க்கை முடிவுக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதில்லை. 1600 வாங்கியிருந்தாலும் அதே கதைதான். இதற்குப் பெயர் டெஸ்ட் பிளைண்ட். அனுப்புவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். அவர்களுக்குத் தனி விண்ணப்பப் படிவம், காமன் ஆப் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) வழியாகப் போகாது. அங்கே எடை பெரும்பாலும் பள்ளி மார்க்குக்கும் நாலு சிறு கட்டுரைகளுக்கும்தான்.

பர்டியூ, ஜார்ஜியா டெக்: இரண்டும் கட்டாயம் கேட்பவை. அனுப்பலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தத் தேதிகளை அனுப்புவது என்பது மட்டும்தான் உங்கள் கையில். ஜார்ஜியா டெக் சூப்பர்ஸ்கோர் எடுக்கிறது, அதாவது வெவ்வேறு தேதிகளிலிருந்து ஒவ்வொரு பிரிவின் அதிகபட்சத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு அது ஆங்கிலம் 680, கணக்கு 760, மொத்தம் 1440. இந்த 1440 உருவாக வேண்டுமென்றால் மே, ஆகஸ்ட் இரண்டு அறிக்கையும் போக வேண்டும். மே மாதத்தை மறைத்தால் நாற்பது மார்க்கை நீங்களே வெட்டி எறிந்த மாதிரி.

ஜார்ஜ்டவுன்: எழுதிய எல்லாத் தேர்வையும் கேட்கும் கல்லூரி. மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால் பயப்படாதீங்க. எல்லாத்தையும் கேட்டாலும் எஸ்ஏடியில் பிரிவுவாரியாக அதிகபட்சத்தைத்தான் கணக்கில் எடுப்பதாகச் சொல்கிறார்கள். 610 கண்ணில் படும், ஆனால் முடிவு அதை வைத்து இல்லை.

ஒன்று கவனிக்கணும். எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு தரும் ஸ்கோர் சாய்ஸ் என்பது தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி. மே மாதக் கணக்கு மட்டும், ஆகஸ்ட் ஆங்கிலம் மட்டும் என்று பிரிவைக் கிள்ளி அனுப்ப முடியாது. ஒரு தேதியை அனுப்பினால் அதன் இரண்டு பிரிவும் சேர்ந்தே போகும். பலர் குழம்புவது இங்கேதான்.

அப்புறம், பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் பட்டியல் போடாதீங்க. 2020-இல் கொரோனாவால் பெரும்பாலான கல்லூரிகள் ஆப்ஷனல் ஆயின. எம்ஐடி 2022-இல் மறுபடி கட்டாயம் என்று அறிவித்தது. டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் 2024-இல் திரும்பின. யேல் 2024-இல் அறிவித்த விதியில் எஸ்ஏடிக்குப் பதில் ஏபி அல்லது ஐபி (பள்ளியிலேயே எழுதும் பாடவாரித் தேர்வுகள்) மதிப்பெண் காட்டலாம், ஆனால் அந்த வழியில் போனால் எழுதிய எல்லாப் பாடத்தையும் காட்டணும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், எந்த ஆண்டு சேர்க்கைக்கு என்று தெளிவாகப் போட்டிருக்கும் பக்கத்தைக் கல்லூரித் தளத்திலேயே திறந்து படிங்க. மூன்றாம் ஆள் போட்ட பட்டியல் எதுவும் வேண்டாம்.

தேவகோட்டை_ரஸ்தா:

கோட்டையூரான் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நிஜமான தலைவலி அந்த நாலு ஆப்ஷனல் கல்லூரிகள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே அமைப்பில் வெளியிடும் பிடிஎஃப் அது. முழுவதும் படிக்க வேண்டாம், சி பகுதி போதும். சி7-இல் எதற்கு எவ்வளவு எடை என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் தேர்வு மதிப்பெண் "மிக முக்கியம்" கட்டத்தில் இருக்கிறதா, "பரிசீலிக்கப்படும்" கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சி9-இல் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் மூன்று படியாக இருக்கும்: கீழ்க்கால் (கால்வாசிப் பேர் இதற்குக் கீழே), நடு (பாதிப் பேர் கீழே), மேல்கால் (முக்கால்வாசிப் பேர் கீழே). பக்கத்திலேயே எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்றும் இருக்கும். இந்தச் சதவீதத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் கணக்கே அதில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியின் சி9-இல் 1380, 1450, 1510 என்று இருக்கிறது, மதிப்பெண் கொடுத்தவர்கள் 30 சதவீதம்தான். நல்ல மார்க் வாங்கியவர்கள் மட்டும் கொடுத்திருப்பார்கள், மற்ற 70 சதவீதம் பேரின் மார்க் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆக அந்த 1380-ஐ அந்தக் கல்லூரியின் அடிமட்டம் என்று நினைத்தால் தப்பு. அதே மூன்று எண்கள், ஆனால் கொடுத்தவர்கள் 85 சதவீதம் என்றால் அது ஏறக்குறைய முழு வகுப்பின் படம், 1380 உண்மையிலேயே கீழ்ப்பகுதி.

"நடு மதிப்பெண்ணுக்கு மேலே இருந்தால் அனுப்பு, கீழே இருந்தால் விடு" என்று அமெரிக்க ஆலோசகர்கள் சொல்லும் விதி, அங்கே ஊரறிந்த பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருந்தும். அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் சேர்க்கை அதிகாரிக்கு ஏற்கெனவே தெரியும், போன வருடம் வந்த பிள்ளை எப்படிப் படித்தது என்றும் தெரியும். காரைக்குடிப் பள்ளிக்கு அந்த வசதி கிடையாது. 600-க்கு 569 என்றால் அது முதல் ரேங்கா, நாற்பதாவது ரேங்கா என்று அவருக்குப் புரிய வழியில்லை. உள்ளூர் மார்க்கை எடைபோட அவர் கையில் இருக்கும் ஒரே படிக்கல் எஸ்ஏடிதான். அதனால் என் கணிப்பில், நம் பக்கத்துப் பிள்ளைகள் கீழ்க்கால் மதிப்பெண்ணைத் தொட்டாலே அனுப்பலாம். அதற்கு முப்பது, நாற்பது குறைந்தால் யோசிக்கலாம். நூறு குறைந்தால் வேண்டாம்.

இது வெறும் ஊகமும் இல்லை. டார்ட்மவுத் 2024-இல் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது, தன் பேராசிரியர்கள் செய்த ஆய்வைத்தான் காரணமாகக் காட்டியது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த விண்ணப்பதாரர்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே குறைவு என்று நினைத்து மறைத்துவிட்டார்கள் என்பது அதில் கண்டது. மார்க்கை அந்தப் பள்ளி, அந்தச் சூழலோடு சேர்த்துத்தான் படிக்கிறோம் என்றும் அந்தக் கல்லூரி சொன்னது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் மகள் கேட்பது கணினி அறிவியல். காமன் டேட்டா செட்டில் இருப்பது கல்லூரி முழுவதுக்குமான எண். இலக்கியம், வரலாறு சேர்வோரும் அதில் அடக்கம். கணினி அறிவியலுக்கு மொத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் எதிர்பார்ப்பார்கள், குறிப்பாகக் கணக்கில். ஆகவே மொத்தத்தோடு நிற்காமல் கணக்குப் பிரிவைத் தனியாக ஒப்பிடுங்கள். 760 அந்தக் கல்லூரியின் கணக்கு நடு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து, ஆங்கிலம் 680 கொஞ்சம் கீழே இருந்தால், நான் அனுப்பச் சொல்வேன். தலைகீழாக இருந்தால் சொல்லமாட்டேன்.

உதவித்தொகையையும் பாருங்கள். சேர்க்கைக்கு ஆப்ஷனல் என்று போட்டுவிட்டு, மெரிட் உதவித்தொகைக்கு மட்டும் மதிப்பெண் கேட்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சேர்க்கைப் பக்கத்தில் இது இருக்காது, உதவித்தொகைப் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அது பொருந்துமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி:

தம்பி, மார்க் கணக்கை அவங்க ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. படிவம் நிரப்பும்போது என்ன கெடும்னு நான் சொல்றேன்.

காமன் ஆப்ல "டெஸ்டிங்"னு ஒரு பக்கம் வரும். மதிப்பெண்ணை நீங்களே பதியப்போறீங்களான்னு கேக்கும். ஆமான்னு போட்டு எஸ்ஏடியைத் தேர்ந்தெடுத்தா, எத்தனை தேதி மதிப்பெண்ணைக் காட்ட விரும்புறீங்கன்னு கேக்கும், ரெண்டுன்னு போடுங்க. பிறகு ஆங்கிலத்துல அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதியில. கணக்குல அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதியிலன்னு தனித்தனியாக் கேக்கும். 680 ஆகஸ்ட், 760 மே. மொத்தத்தை நீங்க கூட்டி எழுத இடமே இருக்காது. இனிமே எழுதப்போற தேதி உண்டான்னு ஒரு கேள்வியும் இருக்கும். அக்டோபர் எழுதுறது உறுதின்னாத்தான் அதை நிரப்பணும். போட்டுட்டு எழுதாம விட்டா, மார்க் வரும்னு அவங்க காத்திருப்பாங்க.

இப்ப முக்கியமான இடம். அந்த டெஸ்டிங் பக்கம் எல்லாக் கல்லூரிக்கும் பொது. ஒரு கல்லூரிக்கு மறைச்சு இன்னொண்ணுக்குக் காட்ட அதுக்குள்ளேயே தனித்தனி பொத்தான் கிடையாது. ஆனா ஒரு கல்லூரிக்குச் சமர்ப்பிச்ச பிறகு பக்கத்தைத் திருத்திட்டு அடுத்த கல்லூரிக்குச் சமர்ப்பிக்கலாம். அதனால வரிசை போட்டுக்குங்க. மார்க் காட்ட வேண்டிய கல்லூரிகளை முதல்ல அனுப்பி முடிங்க. அப்புறம் டெஸ்டிங் பக்கத்துக்குப் போய் இல்லைன்னு மாத்தி, சேமிச்சு, பிடிஎஃப் முன்னோட்டத்தை ஒரு முறை முழுக்கப் பாத்துட்டு, மறைக்க வேண்டிய கல்லூரிகளை அனுப்புங்க. ஒரு தடவை போனதைத் திரும்பி வாங்க முடியாது.

இதோட ஆப்ஷனல் கல்லூரி ஒவ்வொண்ணும் தன்னோட கேள்விப் பக்கத்துல "உங்கள் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கவா"ன்னு தனியாக் கேக்கும். டெஸ்டிங் பக்கத்துல மார்க் இருந்து, இங்கே வேண்டாம்னு போட்டிருந்தா ஒண்ணுக்கொண்ணு முரணாயிடும். ரெண்டும் ஒத்துப்போகணும். மறைக்கிறதுன்னு முடிவு பண்ணினா எல்லா இடத்திலயும் மறைங்க. விருதுகள் கட்டத்துல "எஸ்ஏடி கணக்கு 760"னு ஒரு வரி, பள்ளி முதல்வர் கடிதத்துல பாராட்டா ஒரு வரி, இப்படித்தான் வெளியே வந்துடும். கடிதம் எழுதுறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.

அடுத்தது பேரு. நம்ம ஊர்ல இதுதான் பெரிய வம்பு. பிள்ளைக்கு மார்க் ஷீட்டுல ராம.சித.ன்னு ரெண்டு, மூணு தலைப்பெழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டுல தலைப்பெழுத்தைச் சுருக்கமா போட விடமாட்டாங்க, விரிச்சு எழுதணும். அங்கே அப்பா பேரு குடும்பப்பேர் கட்டத்துக்குப் போயிருக்கும். எஸ்ஏடிக்குப் பதியும்போது அவசரத்துல வேற மாதிரி அடிச்சிருப்பாங்க. கல்லூரிக் கணினி பேரு, பிறந்த தேதி, மின்னஞ்சல் இதை வச்சுத்தான் மதிப்பெண் அறிக்கையை விண்ணப்பத்தோட சேர்க்கும். சேரலைன்னா அறிக்கை வந்தும் வராத மாதிரி கிடக்கும். காலேஜ் போர்டு, காமன் ஆப், ஐஇஎல்டிஎஸ் மூணும் பாஸ்போர்ட்டுல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கட்டும். மார்க் ஷீட்டுல வேற மாதிரி இருக்குன்னு காமன் ஆப்ல கூடுதல் தகவல் பகுதியில ரெண்டு வரி எழுதிடுங்க, ரெண்டும் ஒரே ஆள்தான்னு. பாஸ்போர்ட்டுல ஒரே கட்டத்துல மட்டும் பேரு இருந்தா விசாவுல எஃப்என்யூன்னு, அதாவது முதல் பேரு தெரியாதுன்னு அச்சாகி வரும், அது அப்புறம் படிக்கிற காலம் முழுக்கத் துரத்தும். இப்பவே பாஸ்போர்ட்டைத் திருத்தலாமான்னு யோசிங்க, ஆனா விண்ணப்ப நடுவுல திருத்தாதீங்க.

விண்ணப்பம் போன பிறகு ஒவ்வொரு கல்லூரியும் ஒரு நிலைப் பக்கம் திறந்து கொடுக்கும். அதுல எஸ்ஏடி பக்கத்துல "கிடைக்கவில்லை"ன்னே பத்து நாளைக்கு மேல நின்னா, பாஸ்போர்ட் பேரு, பிறந்த தேதி, தேர்வுப் பதிவு எண், தேர்வுத் தேதி நாலையும் போட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க. மறுபடி காசு கட்டி அறிக்கை அனுப்புறதுல பிரயோசனம் இல்லை, அதுவும் அதே மாதிரிதான் கிடக்கும்.

கல்லுக்கட்டி_வாசி:

மூவருக்கும் நன்றி. ஆச்சி சொன்னது போலவே பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது, இன்றே சரி செய்கிறோம். இரண்டு சந்தேகம் மீதி. அக்டோபர் எழுதினால் நாலு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம் என்கிறார்களே, அதை எப்படிப் பயன்படுத்துவது? ஐஇஎல்டிஎஸ்ஸை முழுக்கத் திரும்ப எழுத வேண்டுமா?

கோட்டையூரான்:

இலவசம் என்றதும் நாலையும் நிரப்பிடாதீங்க அண்ணே. தேர்வு நாளுக்குப் பிறகு ஒன்பது நாள் வரைதான் அந்தச் சலுகை. மார்க் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதாவது மார்க் என்னவென்றே தெரியாமல் அனுப்புகிறீர்கள். சூப்பர்ஸ்கோர் எடுக்கும் கல்லூரிக்கும், எல்லா மார்க்கையும் கேட்கும் கல்லூரிக்கும் அப்படி அனுப்பினால் நஷ்டம் இல்லை. குறைந்தால் பழையது நிற்கும், கூடினால் லாபம். உங்கள் பட்டியலில் ஜார்ஜியா டெக், ஜார்ஜ்டவுன் இதற்குத் தகுந்தவை. ஆப்ஷனல் கல்லூரி எதையும் இலவசப் பட்டியலில் சேர்க்காதீங்க, மார்க்கைப் பார்த்து முடிவு செய்யும் உரிமை போய்விடும்.

அதைவிட முக்கியம்: விண்ணப்பிக்கும்போது மாணவரே பதிந்த மார்க்கை ஏற்றுக்கொண்டு, சேர்வது உறுதியான பிறகு மட்டும் அதிகாரபூர்வ அறிக்கை கேட்கும் கல்லூரிகள் இப்போது நிறைய. அவற்றுக்கு இப்போது எதையும் அனுப்ப வேண்டியதே இல்லை. ஆனால் பதிந்த எண்ணும் பின்னால் வரும் அறிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் கொடுத்த இடத்தையே ரத்து செய்வார்கள். 680-ஐ 690 என்று கைதவறி அடித்தாலும் விளக்கம் சொல்லி மாளாது.

அக்டோபர் எழுதலாமா என்றால், ஆங்கிலம் ஒன்றை மட்டும் குறிவைத்து எழுதலாம். கணக்கு 760 ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது. அன்று கணக்கு 700 வந்தாலும் சூப்பர்ஸ்கோர் கல்லூரியில் பாதிப்பில்லை. ஆங்கிலம் 27 கேள்வியாக இரண்டு பகுதி, பகுதிக்கு 32 நிமிடம். முதல் பகுதி சரியாகச் செய்யாவிட்டால் இரண்டாம் பகுதி எளிதாக வரும், ஆனால் எட்டக்கூடிய உச்ச மார்க்கும் இறங்கிவிடும். அதனால் பயிற்சியின் கனம் முதல் பகுதியில் தவறு குறைப்பதில் இருக்கட்டும். 680-லிருந்து 690 ஆவதற்காக ஒரு மாதத்தைக் கொடுக்காதீங்க, பத்து மார்க்கை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். மாதிரித் தேர்வில் தொடர்ந்து 720 தாண்டினால் போங்க.

டிசம்பர் தேர்வை நினைக்க வேண்டாம், அரையாண்டுத் தேர்வோடு மோதும். மார்ச் என்றால் பொதுத்தேர்வு, அதோடு பெரும்பாலான கல்லூரிகளின் கடைசித் தேதியும் தாண்டிவிடும். சென்னையில் மையம் கிடைத்தால் முதல் நாளே போய்த் தங்குங்க. பல்லவனில் ஏறினால் எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும், தேர்வு மையத்திலோ காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இரவு ரயிலில் கிளம்பித் தேர்வு நாள் காலையில் இறங்கும் திட்டமும் வேண்டாம்.

தேவகோட்டை_ரஸ்தா:

ஐஇஎல்டிஎஸ்: முழுக்கத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கணினியில் எழுதியிருந்தால், எழுதிய நாளிலிருந்து 60 நாளுக்குள் ஒரே ஒரு திறனை மட்டும் மறுபடி எழுதும் வசதி இந்தியாவில் 2023 முதல் உண்டு. பேப்பரில் எழுதியவர்களுக்கு இல்லை. ரைட்டிங்கை மட்டும் எடுத்து 6.5 வாங்கினால் புதிய சான்று கிடைக்கும், மற்ற மூன்று திறனின் மார்க்கும் பழையபடியே அதில் இருக்கும். பழையது, புதியது இரண்டில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் காசு கட்டும் முன், உங்கள் கல்லூரி அந்த மறுதேர்வுச் சான்றை ஏற்கிறதா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். எல்லாரும் ஏற்பதில்லை.

அதற்கும் முன்னால் இன்னொன்று பாருங்கள். சில கல்லூரிகள் மொத்தம் 7.0 இருந்தால் போதும் என்கின்றன, சில ஒவ்வொரு திறனுக்கும் தனிக் குறைந்தபட்சம் வைத்திருக்கின்றன. உங்கள் எட்டில் எத்தனை இரண்டாம் வகை என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் மறுதேர்வே வேண்டாம். இந்த மதிப்பெண் ஒரு வாசற்படி மாதிரி, தாண்டினால் போதும். 7.0-க்கும் 8.0-க்கும் சேர்க்கையில் பெரிய வித்தியாசம் பார்க்கமாட்டார்கள். எஸ்ஏடி ஆங்கிலத்தையே ஆங்கிலத் தகுதிக்கு ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகளும், உயர்நிலை முழுக்க ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளிச் சான்று தந்தால் விலக்குத் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன.

டோஃபல் (இன்னோர் ஆங்கிலத் தகுதித் தேர்வு) எழுதியவர்களுக்கு மைபெஸ்ட் என்று இரண்டு ஆண்டுக்குள் எழுதியவற்றில் பிரிவுவாரியான அதிகபட்சம் அறிக்கையிலேயே வரும். அதிலும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு உண்டு. சிலர் ஒரே நாளில் வாங்கிய மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

பினாங்கு_பேரன்:

இடையில் ஒரு கேள்வி. அப்பா வழி ஊர் கண்டனூர், நான் படிப்பது மலேசியாவில். எஸ்ஏடியை வைத்து இந்தியாவில் என்ஐடியில் சேரலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

கோட்டையூரான்:

தம்பி, அது பழைய கதை. வெளிநாட்டில் படிப்பவர்களுக்கான டாசா வழியில் முன்பு எஸ்ஏடி பாடவாரித் தேர்வுகளை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாடவாரித் தேர்வுகளையே காலேஜ் போர்டு 2021-இல் நிறுத்திவிட்டது. இப்போது டாசாவுக்கு ஜேஇஇ மெயின் எழுதணும். ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு முறை நடக்கும். இரண்டும் எழுதினால் கூடுதலான மதிப்பெண்ணை அவர்களே எடுத்து ரேங்க் போட்டுவிடுவார்கள். எதைக் காட்டுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றுமில்லை.

கல்லுக்கட்டி அண்ணனுக்கும் அதே. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் எஸ்ஏடிக்கும் ஜேஇஇக்கும் இடமில்லை. பிளஸ் டூவில் கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200-க்குக் கட்ஆஃப். நம்ம அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரிக்கும் அந்தக் கட்ஆஃப்தான். அதனால் எஸ்ஏடி ஆங்கிலத்துக்காக வேதியியலை விட்டுவிடாமல் பாத்துக்கங்க. கணக்கில் போகும் ஒரு மார்க் கட்ஆஃபில் முழு மார்க், வேதியியலில் போவது அரை மார்க். ஆனால் அந்த அரை மார்க்கில் நிறையப் பேர் வரிசையில் முந்திவிடுவார்கள்.

கல்லுக்கட்டி_வாசி:

புரிந்தது. கடைசியாக ஒன்று. மே, ஆகஸ்ட் இரண்டையும் அனுப்பினால் ஒரு கல்லூரிக்கு இரண்டு கட்டணமா?

பள்ளத்தூர்_ஆச்சி:

இல்லை தம்பி, கட்டணம் கல்லூரிக்கு ஒண்ணு, தேதிக்கு இல்லை. அறிக்கை அனுப்புற பக்கத்துல கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பிறகு எந்தெந்தத் தேதின்னு காட்டும், ரெண்டையும் டிக் பண்ணுங்க, ஒரே அறிக்கையாப் போகும். அக்டோபர் எழுதுறதா இருந்தா, அந்த மார்க்கும் வந்த பிறகு மூணையும் சேர்த்து ஒரே தடவை அனுப்பிக்கலாம். கடைசித் தேதி நெருங்கினா மட்டும் காத்திருக்காதீங்க. கல்லூரிப் பேரைத் தேடும்போது வளாகத்தையும் பாத்துக்குங்க, பர்டியூன்னு அடிச்சா ஒண்ணுக்கு மேல வரும், உங்களுக்கு வேண்டியது வெஸ்ட் லஃபாயெட்.